மழைக்கு முன் மாடிக் குழாயின் கழுத்தைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழையில் மொட்டை மாடியில் தண்ணீர் கட்டினால் எல்லோரும் ஒழுகலுக்குத்தான் பயப்படுகிறார்கள். எடையையும் யோசிக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. 1,000 சதுர அடி மாடியில் அது 9 டன்னைத் தாண்டும். குழாய் வாயில் குப்பையைத் தடுக்கப் போடும் ஓட்டை மூடிதான் ஜாலி. தட்டையான 4 அங்குல ஜாலியை ஒரேயொரு வாதாம் இலை மூடிவிடும். மேலே நிற்கும் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஜாலியைப் போடுங்கள். அடியில் இலை சேர்ந்தாலும் மேல் ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கும்.

மாடியைப் பெருக்கினால் மட்டும் வேலை முடியாது. வேப்பிலை, தூங்குமூஞ்சி இலை, புறா இறகு, தட்டோட்டு இடுக்கில் உதிரும் சிமெண்டு எல்லாம் ஜாலிக்குள் நுழைந்து, தளத்தை விட்டுக் குழாய் வளையும் கழுத்தில் தங்கிவிடும். வெயிலில் காய்ந்து கெட்டியாகிவிட்டால் மழைத் தண்ணீர் அதைக் கரைக்காது.

புரட்டாசி தொடக்கத்திலேயே, தரை காய்ந்திருக்கும்போது குப்பையைக் கூட்டிச் சாக்கில் அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். ஜாலியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கையுறை போட்ட கையை உள்ளே விடுங்கள். பூரான் இருக்கும் இடம் அது. கழுத்தைச் சுரண்டி எடுத்தபின் 20 லிட்டர் வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மேலே எதிர்த்து நின்றாலோ, கீழே நூலாக வடிந்தாலோ குழாயின் அடி வளைவில், அதாவது பெண்டில், அடைப்பு இருக்கிறது. திறக்கும் மூடி வைத்த டோர் பெண்டைத் திறந்து கீழிருந்து எடுக்க வேண்டும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும், பக்கவாட்டில் நின்றே திறவுங்கள். மேலிருந்து கம்பியால் குத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். சுவருக்குள் பிவிசி பெண்டு உடைந்தால் சுவர் முழுக்க ஓதம் ஏறும். ஆசிட் ஊற்றுவதை அறவே விடுங்கள். மணலை அது கரைக்காது, மழைநீர்த் தொட்டி வழியாகக் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

குழாய் ஓரத்தில் அரசங்கன்று தெரிந்தால் வெறுமனே பிடுங்காதீர்கள். வேர் தங்கி மறுபடி தழைக்கும். பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்து, பாலிமர் கலந்த சிமெண்டு கலவையால் அடையுங்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் தொட்டி பல வீடுகளில் இருக்கிறது. அதன் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசுகிறவர்கள் குறைவு. 1,000 சதுர அடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர். சேறு படிந்த மணல் அவ்வளவையும் உள்ளே விடாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். மாடிக் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். பெருமழையில் தரைத்தளக் கழிப்பறையில் சாக்கடை மேலேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழை நடுவே அடைத்துக்கொண்டால் கையை விடாமல் நீண்ட கழியால் இலையை விலக்குங்கள். இடி மின்னல் இருந்தால் மாடி ஏறவே வேண்டாம். கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து 2 அங்குல உயரத்தில் ஓர் உபரிக் குழாய் வைக்கக் கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான். அது ஒழுகத் தொடங்கினால் கீழே உள்ள வழி அடைத்துவிட்டது என்று தெரியும்.