வெதரிங்: வானிலைக்கு இங்கே வேலையில்லை

“அடுத்து நம்முடைய கலத்துக்கு வானிலையாக்கம் செய்யலாம்.” விண்கல மாடல்களுக்குப் பெயின்ட் அடிக்கக் கற்றுத்தரும் காணொளி ஒன்றில் போன வாரம் இதைக் கேட்டேன். இந்தச் சொல் காதில் விழுவது முதல் முறையில்லை. புதிதாக மாடல் கட்ட வரும் பையன் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வான்?

பளபளவென்று இருக்கும் பிளாஸ்டிக் மாடலை, பல காலம் ஓடி அடிபட்ட கலம்போலக் காட்டும் வேலைதான் வெதரிங். அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் ‘வானிலையாக்கம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘வெதர்’ முன்பு காற்று, வானம், புயல் எல்லாவற்றையும் குறித்தது. பிறகு வினையாகி, வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் மாறுவதைக் குறித்தது. மாடல் செய்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, வானிலையாக்கத்துக்கு வருவோம். தமிழாக்கம் என்றால் தமிழாக மாற்றுவது. நூலாக்கம் என்றால் நூலாக மாற்றுவது. அப்படியானால் வானிலையாக்கம்? கலத்தை வானிலையாக மாற்றுவதா? பாறை சிதைவதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வானிலைச் சிதைவு என்றும், இலங்கையில் வானிலையாலழிதல் என்றும் சொல்கிறார்கள். அவற்றில் குறையில்லை. பாறையைச் சிதைப்பது உண்மையிலேயே வெயிலும் மழையும்தான். விண்கலம் ஓடுவதோ மழையும் காற்றும் இல்லாத வெளியில். ‘விண்வெளி வானிலை’ என்று ஒரு துறை இருக்கிறதே என்று சிலர் மறுக்கலாம். அது சூரியனிலிருந்து வரும் துகள்களைப் பற்றியது. தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் அதையா வரைகிறார்?

அவர் வரைவது உழைப்பின் தடயங்களை. எஞ்சின் வாயைச் சுற்றிப் படிந்த கரி, கதவோரம் பூட்ஸ் உரசிப் பெயர்ந்த பெயின்ட், குழாய் மூட்டில் கசிந்த எண்ணெய், வேறு கலத்திலிருந்து கழற்றி மாட்டியதால் நிறம் பொருந்தாத ஒரு தகடு. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காக மாடல் செய்தவர்கள் டாங்கி, விமான மாடல் கிட்களின் உதிரிகளை ஒட்டிக் கலங்களைக் கட்டினார்கள். அவற்றின் மேல் அழுக்கையும் கரியையும் தாராளமாகப் பூசினார்கள். அந்தக் கலங்களை நிஜம் என்று நம்பவைத்ததில் இந்த அழுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்த மாடலில், ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்பது நிஜக் கலத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல். அதனால்தான் பெயர்ந்த பெயின்டைக் காட்ட, பிய்த்த ஸ்பாஞ்சின் நுனியால் பொட்டுப் பொட்டாக ஒற்றுகிறார்கள். இத்தனை பொறுமையான வேலைக்கு மழைக்காற்றின் பெயரை வைப்பதா?

‘பழமையூட்டல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மெருகூட்டலுக்கு எதிர்ப்பதம்போல அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழமை என்றதும் சோழர் காலத்துக் கோயில் நினைவுக்கு வருகிறது. “ஆறே மாதத்தில் சட்டை பழசாகிவிட்டது” என்போம். பழமையாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பழமைக்கு வயது வேண்டும், பழசாவதற்கு உழைத்தால் போதும். ‘அழுக்கேற்றல்’ பாதி வேலையைத்தான் சொல்கிறது, பெயின்ட் பெயர்வது அழுக்கில்லையே.

ஆகவே என் சொல் பழசாக்கல். ‘பழசு’ பேச்சு வழக்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழையது என்பதிலிருந்து வந்த நம் சொல்தான் அது. தூய்மை என்ற பெயரில் வாழும் சொல்லைத் தள்ளிவிட்டு, அகராதியில் முதல் வரியில் கிடைத்ததை ஒட்டவைப்பது தூய தமிழாகாது.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு முறையாவது தூரிகையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கும்படி விடுகிற நீர்த்த கரும்பெயின்டுக்கு ‘வாஷ்’ என்று பெயர். அதையும் ‘கழுவுதல்’ என்று போட்டிருந்தார்கள். அதை நம்பினால் பையன் மாடலைக் குழாயடிக்கு எடுத்துப்போவான். நீர்ப்பூச்சு என்றால் தீர்ந்தது. அப்புறம், “முதலில் நீர்ப்பூச்சு, காய்ந்ததும் எஞ்சின் வாயைக் கரிப்பொடியால் பழசாக்கு” என்று சொல்லிப் பாருங்கள், பையன் கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடுவான்.