ஈப்பிடிப்பான் ஆசையாக வரவில்லை, சண்டைக்கு வருகிறது

மறுபடியும் ஒரு பறவைப் படம், எடுத்தவருக்கு மறுபடியும் அதே பெருமை: "போனில் அதோட பாட்டைப் போட்டேன், உடனே பக்கத்துலயே வந்து உட்கார்ந்துருச்சு சார்!" படத்தில் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான், பூச்சி பிடித்துத் தின்னும் சின்னப் பறவை. ஜூன் மாதம். அலகில் புழு. குஞ்சுக்குப் போக வேண்டிய இரை அது.

பாட்டு பிடித்துப்போய் வருகிறது, ஒரு நிமிடம்தானே என்கிறார்கள். ஆண் பறவை பாடுவது 'இது என் இடம்' என்று சொல்ல. உங்கள் போன் அதற்கு எல்லைக்குள் புகுந்துவிட்ட இன்னொரு ஆண். நிஜ எதிரியென்றால் தோற்று ஓடும். போன் ஓடாது, களைக்காது. பறவைதான் இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. கிட்டே வந்தால் பயமில்லை என்று அர்த்தமில்லை. உங்கள் ஒரு நிமிடத்துக்குப் பின்னால் அதே தடத்தில் அடுத்தவரின் ஒரு நிமிடமும் காத்திருக்கிறது.

இத்தனைக்கும் அடையாளம் காணப் பாட்டே போட வேண்டாம். ஆணுக்கு மேலே நீலம், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு, வயிறு வெள்ளை. மார்பும் வயிறும் சேருமிடத்தில் நிறம் சட்டென்று மாறும். குளிர்காலத்தில் வலசை வரும் நீலத்தொண்டை ஈப்பிடிப்பானின் ஆணுக்குத் தொண்டை நீலம். குழப்பம் இங்கேதான்: நிழலில் டிக்கெலின் தொண்டையும் இருண்டு தெரியும். தலையைத் தூக்கும்வரை பொறுங்கள். பெண்களில் இன்னும் சுலபம்: டிக்கெல் பெண்ணின் முதுகில் மங்கலான நீலம் இருக்கும், நீலத்தொண்டைப் பெண்ணின் முதுகு பழுப்பு. மலைச்சோலையில் ஆரஞ்சே இல்லாத கருநீல ஆணைப் பார்த்தால் நீலகிரி ஈப்பிடிப்பானா என்று பாருங்கள்.

தாழ்ந்த கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பும் பறவை இது. நிழலான ஓடைக்கரையில் பைனாகுலரோடு அசையாமல் நில்லுங்கள், துரத்தாதீர்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அது கூடு வைக்கும் மண்மேட்டுப் பொந்துகளை ஒட்டி நிற்கவே வேண்டாம். பறவை இரையைக் கவ்வியபடி பொந்துக்குள் போகாமல் 'டிக் டிக்' என்று கத்தினால், தடையாக நிற்பது நீங்கள்தான். உடனே விலகுங்கள். (கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள்ளேயே வருகிறது. கேமராக்காரர்களுக்குத் தனிச் சலுகை கிடையாது.)

குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் ஒலியைப் பதிவு செய்து பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அது காட்டும் பெயர் ஒரு துப்பு மட்டுமே. தொண்டையைப் பார்க்க முடியவில்லையா? பார்த்த பறவைகளின் பட்டியலில் 'ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள், தயவுசெய்து.