அட்டைப்பட உடல் எப்படி உருவாகிறது?

ஃபேஷன் இதழின் அட்டையில் ஒரு நடிகை நிற்கிறார். இடுப்பில் மடிப்பு இல்லை, தோலில் ஒரு பொட்டுத் தழும்பு இல்லை, கவுன் உடம்போடு பிறந்ததுபோல் பொருந்தி நிற்கிறது. "உடம்பை எப்படித்தான் இப்படி வைத்திருக்கிறாரோ" என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அந்த உருவத்தில் அவருடைய உடற்பயிற்சிக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பேட்டர்ன் என்னும் உடையின் வெட்டு மாதிரியைத் தயாரிப்பவர், ஸ்டைலிஸ்ட், ஒளியமைப்பாளர், புகைப்படக்காரர், எடுத்த படத்தைக் கணினியில் திருத்தும் ரீடச்சர் என்று பலர் அதன்மேல் வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன, அந்தப் படத்தைப் பார்க்கும் மூளைக்குள் நடப்பது என்ன என்று வரிசையாகப் பார்க்கலாம்.

தொடக்கம் கேமராவுக்கு வெகு முன்னால், சாம்பிள் உடையில் இருக்கிறது. ஒரு டிசைனரின் புதிய உடைகள் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றிரண்டு மட்டும் தைக்கப்படும். மேடை அணிவகுப்பு, மொத்த வியாபாரிகளின் பார்வை, இதழ்களின் படப்பிடிப்பு என்று எல்லா இடத்துக்கும் அதே உடைதான் போய்வரும். அதன் அளவு ஐரோப்பிய எண்ணில் பெரும்பாலும் 34 அல்லது 36. 36 என்றால் மார்புச் சுற்றளவு சுமார் 84 செ.மீ.; உயரம் 175 செ.மீ.க்கு மேல் இருக்கும் மாடலுக்காக வெட்டியது. யாரை அட்டையில் போடுவது என்று ஆசிரியர் குழு எவ்வளவு பரந்த மனத்தோடு யோசித்தாலும், பெட்டியில் வந்து இறங்கும் உடை அந்த ஓர் அளவில்தான் இருக்கும். அதற்குள் நுழையக்கூடியவருக்கே வாய்ப்பு. மெல்லிய உடலை யாரும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. உடை விநியோகமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இதே சாம்பிள் கடைக்கு வரும்போது இன்னொரு தீங்கு செய்கிறது. சிறிய அளவுக்கு வெட்டிய பேட்டர்னைப் படிப்படியாகப் பெரிதாக்கி மற்ற அளவுகளைப் பெறுவதற்குக் கிரேடிங் என்று பெயர். 36இலிருந்து 38, 38இலிருந்து 40 என்று போகும்போது ஒவ்வொரு படிக்கும் மார்பில் 4 செ.மீ. கூடும். இரண்டு மூன்று படிவரை இது ஒழுங்காக வரும். அதற்குமேல் பிசகத் தொடங்கும், ஏனென்றால் உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பருப்பதில்லை. எடை கூடினால் தோள் எலும்பு அகலமாகாது, கை நீளாது. வயிறும் மார்பும் முன்பக்கம்தான் அதிகம் வளரும். கணக்கை மட்டும் நம்பிப் பெரிதாக்கிய சட்டையில் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும், கழுத்து வாயைப் பிளக்கும். அதேநேரம் மார்பில் இறுக்கும், முன்விளிம்பு மேலேறும். 46 போன்ற ஓர் அளவில் புதிதாக ஓர் அடிப்படை பேட்டர்ன் வெட்டி, அந்த அளவுள்ள ஒரு பெண்ணின் உடம்பிலேயே மாட்டிச் சரிபார்த்து, அங்கிருந்து மேலும் கீழும் கிரேடிங் செய்வதே இதற்குத் தீர்வு. அதற்கு இரண்டாவது சாம்பிள், இரண்டாவது ஃபிட்டிங் என்று செலவு கூடுவதால் பல நிறுவனங்கள் தவிர்த்துவிடுகின்றன. டிரையல் அறையில் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. உடை பொருந்தவில்லை என்றால் தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். கோளாறு பேட்டர்னில் இருக்கிறது.

கேமரா முன்னால்

படப்பிடிப்பில் உடை பெரிதாக இருந்தால் முதுகுப்பக்கத்தில் வரிசையாகக் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். சிறிதாக இருந்தால் பின் ஜிப்பைத் திறந்தே விட்டுவிடுவார்கள். முன்னாலிருந்து பார்க்கும் கேமராவுக்கு இரண்டும் தெரியாது. கழுத்து வெட்டு நழுவாமலிருக்க இருபக்கமும் ஒட்டும் டேப்பைத் துணிக்கும் தோலுக்கும் நடுவே ஒட்டுவார்கள். விருது விழாவுக்கு வரும் கவுன் இன்னும் நுட்பமானது. பலமுறை ஃபிட்டிங் பார்த்து அந்த ஒருவருக்கென்றே தைத்தது. உள்ளே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கம்பி வைத்த கார்செட்டையும் சேர்த்தே தைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு காரில் நிமிர்ந்து உட்காருவதே சிரமம்.

அடுத்தது நிற்கும் விதம். எடை முழுவதும் பின்காலில். முன்கால் முட்டி லேசாக மடங்கி உள்நோக்கி. உடல் கேமராவுக்கு நேராக இல்லாமல் சாய்வாகத் திரும்பி. கையை உடம்போடு ஒட்டினால் மேற்கைச் சதை அழுந்திப் பரந்து தெரியும். அதனால்தான் கையை இடுப்பில் வைக்கிறார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் விழும் ஓர் இடைவெளி கிடைக்கிறது, இடுப்பின் கோடு தனியாகத் தெரிகிறது. சிவப்புக் கம்பளத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்பதன் காரணம் இதுதான்.

உருவத்தின் விகிதத்தை மாற்றுவது லென்ஸ்தான் என்று ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை மாற்றுவது முக்கியமாகக் கேமரா நிற்கும் தூரம். அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதியும். 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30% அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது. முகத்தைப் படமெடுப்பவர்கள் 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸை மாட்டிப் பல அடி தள்ளி நிற்பது இதற்காகவே. முழு உருவம் என்றால் கேமராவை இடுப்பு உயரத்துக்கோ அதற்கும் கீழோ இறக்குவார்கள்; கால் நீளமாகும். வைட் ஆங்கிள் லென்ஸின் ஓரம் எதையும் இழுத்துக் காட்டும். பாதம் கீழ் ஓரத்தில் வந்தால் கால் இன்னும் நீளும். குழுப் படத்தில் பக்க ஓரத்தில் மாட்டுபவர் குண்டாகத் தெரிவதும் அதே லென்ஸால்தான்.

ரீடச்சரின் மேசை

ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. உருவத்தைப் பிடித்துத் தள்ளி மாற்ற உதவும் லிக்விஃபை வசதி 2000இல் ஆறாவது பதிப்போடு சேர்ந்தது.

தோல் வேலையைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். ரீடச்சர் படத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார். கீழடுக்கில் மங்கலாக்கிய நிறமும் வெளிச்சமும் மட்டும் இருக்கும். மேலடுக்கில் தோல் துளை, பூனைமுடி, நுண்கோடு போன்ற விவரங்கள். கண்ணுக்கடியில் உள்ள கருமை, கன்னத்தின் சிவப்பு, நெற்றியின் பளபளப்பு எல்லாவற்றையும் கீழடுக்கில் சமன் செய்துவிட்டு மேலடுக்கை அப்படியே விட்டால், துளைகளோடு கூடிய உண்மையான தோல்போலவே இருக்கும். அவசரத்தில் மேலடுக்கையும் சேர்த்து வழித்துவிட்டால் முகம் பிளாஸ்டிக் ஆகிவிடும். நாம் "எடிட் செய்திருக்கிறார்கள்" என்று கண்டுபிடிப்பது இந்த மட்டமான வேலையை மட்டும்தான். நல்ல வேலை கண்ணில் படாது.

இடுப்பைக் குறைக்க, இடுப்பளவுக்குப் பெரிய தூரிகையைக் குறைந்த அழுத்தத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். சிறிய தூரிகையால் தள்ளினால் விளிம்பு அலையலையாகிவிடும். தள்ளும்போது அருகிலுள்ள பின்னணியும் சேர்ந்து நகரும். எனவே, சந்தேகமான படத்தில் உடம்பைப் பார்க்காதீர்கள். உடம்புக்குப் பக்கத்தில் உள்ள கதவு நிலை, தரை ஓட்டுக் கோடு, சேலைக் கரை, கோடு போட்ட சட்டை ஆகியவற்றைப் பாருங்கள். நேராக இருக்க வேண்டியது இடுப்பருகில் மட்டும் வளைந்திருந்தால் அங்கே தூரிகை பட்டிருக்கிறது. நிழலையும் கண்ணாடிப் பிம்பத்தையும் திருத்த மறந்துவிடுவதும் உண்டு.

2009இல் ரால்ஃப் லாரன் என்ற ஆடை நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில் மாடலின் இடுப்பு அவர் தலையைவிடக் குறுகிப்போய், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நடிகை கேட் வின்ஸ்லெட், பிரிட்டிஷ் ஜிக்யூ இதழ் தன் கால்களை மெலிதாக்கியதை 2003இல் வெளிப்படையாகக் கண்டித்தார். 2017இல் நடிகை லுப்பிட்டா நியோங்கோவின் சுருட்டை முடியை கிராசியா யுகே இதழின் அட்டையில் அழித்து வழவழப்பாக்கினார்கள். அவர் எதிர்த்ததும் இதழும் புகைப்படக்காரரும் மன்னிப்புக் கேட்டார்கள். மெலிவு மட்டுமல்ல, முடியும் நிறமும்கூட ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன.

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வேலை உண்டு. மிக மெலிந்த மாடலின் துருத்தும் விலா எலும்பையும் குழிவிழுந்த கன்னத்தையும் ரீடச்சர்கள் நிரப்புவார்கள். பட்டினியின் அளவும் ஆரோக்கியத்தின் பளபளப்பும் ஒரே உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. உயிருள்ள யாரிடமும் இல்லாத கலவை அது. அழகுக்காகச் செய்யும் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே மோசமான ஏமாற்று, ஏனென்றால் அந்த மெலிவுக்கு உடம்பு கொடுக்கும் விலையை அது மறைத்துவிடுகிறது.

கைப்பேசி ஃபில்டர் இதே வேலையை நொடிக்கு முப்பது முறை செய்கிறது. முகத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து, அவற்றின்மேல் ஒரு வலையை விரித்து, அந்த வலையை இழுத்து மூக்கைக் குறுக்குகிறது, கண்ணைப் பெரிதாக்குகிறது. முகத்துக்கு முன் கையை வேகமாக அசைத்தால் புள்ளிகள் தொலைந்து ஒரு கணம் சொந்த முகம் எட்டிப்பார்க்கும். இப்போது உடம்பே தேவையில்லை என்ற நிலையும் வந்துவிட்டது: அமெரிக்க வோக் இதழின் 2025 ஆகஸ்ட் பதிப்பில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் நின்றது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய மாடல்.

கண் பழகிக்கொள்கிறது

இதெல்லாம் தெரிந்தவர்களுக்கும் அந்தப் படங்கள் ஏன் வலிக்கின்றன? வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எல்லாம் இருட்டாகத் தெரியும். கண் வெளி வெளிச்சத்துக்குப் பழகியிருப்பதே காரணம். உருவ அளவிலும் மூளை இப்படித்தான் நடந்துகொள்கிறது. குறுக்கப்பட்ட உடல்களின் படங்களைச் சிறிது நேரம் தொடர்ந்து காட்டிவிட்டுப் பிறகு "இயல்பான உடல் எது" என்று கேட்டால், பார்த்தவர்கள் முன்பைவிட மெலிந்த உருவத்தைக் காட்டுகிறார்கள். அகலமாக்கிய உடல்களைக் காட்டினால் எதிர்த்திசையில் நகர்கிறார்கள். 2005இல் வெளியான வின்க்ளர், ரோட்ஸ் ஆய்வு இதை முன்வைத்தது. பின்னர் பல ஆய்வகங்கள் இதே போக்கைக் கண்டன. கண் பழகுவதற்கு நம் கொள்கையோடு தொடர்பில்லை. "எல்லா உடலும் அழகு" என்று மனதார நம்புபவரின் பார்வைப் புலனும் நாள் முழுதும் பார்த்ததற்கேற்ப, இயல்பு என்று தான் கொள்ளும் நடுப்புள்ளியை மாற்றிக்கொள்ளும்.

அதன்மேல் ஒப்பீடு வந்து உட்காருகிறது. மனிதர்கள் தங்களை மதிப்பிட மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். நகர்ந்துபோன நடுப்புள்ளியோடு ஒப்பிட்டால் சாதாரண உடம்பு பெரிதாகத்தான் தெரியும்.

ஊடகத்தின் வலிமைக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஃபிஜித் தீவில் நடந்தது. நன்கு சாப்பிட்டு வளர்ந்த திடமான உடலை மதித்த சமூகம் அது. நந்த்ரோங்கா பகுதியில் 1995இல் தொலைக்காட்சி நுழைந்த சில வாரங்களில் ஆய்வாளர் ஆன் பெக்கர் குழுவினர் பள்ளி மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 1998இல் மீண்டும் கொடுத்தார்கள். உணவுப் பழக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7%இலிருந்து 29.2% ஆனார்கள். எடையைக் குறைக்க வலிந்து வாந்தி எடுப்பவர்கள் 1995இல் ஒருவரும் இல்லை, 1998இல் 11.3%. ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் மாணவிகள்தான், அதுவும் இருமுறையும் வேறு வேறு மாணவிகள். எனவே தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நேர்காணலில் அந்தப் பெண்களே தொடர் நாயகிகளின் உடம்பைச் சுட்டிக்காட்டிப் பேசியதைப் புறந்தள்ளவும் முடியாது.

சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது

இஸ்ரேல் 2012இல் இயற்றிய சட்டப்படி மாடலுக்கு உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI) 18.5க்குக் குறையக்கூடாது. 178 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 58.6 கிலோ. பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், உருவம் மாற்றிய வணிகப் படத்தில் "ரீடச் செய்த படம்" என்று எழுத வேண்டும். மீறினால் 37,500 யூரோ அல்லது விளம்பரச் செலவின் 30% வரை அபராதம். நார்வே 2022 ஜூலையில் இதேபோல் ஒரு முத்திரையைக் கட்டாயமாக்கியது.

நல்ல நோக்கம்தான், ஆனால் முத்திரையால் பெரிய பயன் இல்லை. முத்திரை போட்ட படத்தையும் போடாத படத்தையும் காட்டி நடத்திய சோதனைகளில், தன் உடம்பின்மீதான அதிருப்தி பெரும்பாலும் குறையவில்லை. "இடுப்பும் தொடையும் மாற்றப்பட்டன" என்று குறிப்பாக எழுதினால் பார்வை நேராக அங்கேயே போவதைக் கண்ணசைவுக் கருவிகள் காட்டின. பழகிக்கொள்ளும் கண் முத்திரையைப் படிப்பதில்லை. இதைவிடக் கூர்மையானது பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2011இல் எடுத்த வழி. ஜூலியா ராபர்ட்ஸ், கிறிஸ்டி டர்லிங்டன் தோன்றிய லோரியல் குழுமத்தின் இரண்டு அழகுசாதன விளம்பரங்களில், தெரியும் பலன் ரீடச்சிங்கால் மிகைப்படுத்தப்பட்டதல்ல என்று நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. ஆணையம் இரண்டையும் தடை செய்தது. நிரூபிக்கும் பொறுப்பு விற்பவர்மேல் விழுந்தது.

பிரபலங்களின் "எடை கூடிவிட்டார்", "குழந்தை பிறந்து சில வாரங்களில் பழைய உருவம்" செய்திகள் எந்தச் சட்டத்திலும் சிக்காது. தொழில்முறைக் கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கும். மூச்சை விட்டபோது ஒன்று, நிமிர்ந்தபோது ஒன்று என்று ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களை வைத்து "அன்றும் இன்றும்" தயாரிக்கலாம். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கவே ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். விரிந்த வயிற்றுத் தசைக்கு மாதக்கணக்கில் பிடிக்கும். அதை ஒழுக்கக் குறைவுபோல் எழுதுவது கொடுமை. படக்குறிப்பில் எழுத உடையின் துணி இருக்கிறது, வெட்டு இருக்கிறது, தைத்தவர் இருக்கிறார்.

பார்ப்பவர் செய்யக்கூடியவற்றில், பார்க்கும் படங்களின் கலவையை மாற்றுவதே எளிது. பல அளவு, பல வயது உடல்கள் கைப்பேசியில் வரத் தொடங்கினால் நடுப்புள்ளியும் நகரும். பதின்வயதுப் பெண்களிடம் நல்ல சான்று பெற்ற பயிற்சி, உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய பாடி ப்ராஜெக்ட். சிறு குழுவாக, வழக்கமாக நான்கு அமர்வு. ஆசிரியர் உபதேசம் செய்வதில்லை. மெலிவு மோகத்தால் யாருக்குப் பணம், யாருக்கு நஷ்டம் என்று மாணவிகளே பட்டியலிட வேண்டும். தம்மைவிடச் சிறிய ஒரு பெண்ணுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். குண்டு, ஒல்லி என்று பேச்சு எடுப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று நடித்துப் பார்க்க வேண்டும். ஒரு கருத்துக்கு எதிராகத் தன் வாயாலேயே, பிறர் முன்னால், கட்டாயமில்லாமல் பேசியவருக்கு அந்தக் கருத்தின்மீதான பிடிப்பு தளர்கிறது. சொன்னதற்கும் நம்பியதற்கும் இடையே எழும் உரசலைத் தீர்க்க மனம் பழைய நம்பிக்கையை மாற்றிக்கொள்கிறது. இந்த உரசலை விளக்கும் கோட்பாட்டையும் தந்தவர் ஃபெஸ்டிங்கரே.