கையெழுத்துப் போடவில்லை, சரி, வேலையைத் தொடங்கிவிட்டீர்களா?

"நான்தான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடலையே சார், அப்புறம் எப்படி அது என்னைக் கட்டுப்படுத்தும்?" வக்கீலான என்னிடம் நோட்டீஸோடு வருகிற கட்சிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது: வேலையைத் தொடங்கினீர்களா, முன்பணம் வாங்கினீர்களா, பில் அனுப்பினீர்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் அந்த வாதம் ரொம்ப தூரம் போகாது.

ஒருவர் முன்மொழிகிறார், மற்றவர் ஏற்கிறார், இரு பக்கமும் ஏதோ ஒன்று கைமாறுகிறது, சட்டப்படி கட்டுப்படும் எண்ணமும் இருக்கிறது. பெரும்பாலான வணிக ஒப்பந்தங்களுக்கு இவ்வளவு போதும். கையெழுத்து சம்மதத்துக்கு ஒரு நல்ல சாட்சி, ஆனால் ஒரே சாட்சி அல்ல.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1877இல், அன்றைக்கு பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த பிராக்டன் வழக்கு நிலக்கரி சப்ளை பற்றியது. ரயில்வே கம்பெனி அனுப்பிய வரைவில், நிலக்கரி விற்கும் பிராக்டன் தரப்பு ஒரு காலி இடத்தை நிரப்பி, 'ஒப்புதல்' என்று எழுதித் திருப்பி அனுப்பியது. கம்பெனி ஆள் அதை மேசை டிராயரில் போட்டார், அது அங்கேயே கிடந்தது; கம்பெனி கையெழுத்துப் போடவே இல்லை. ஆனால் அந்த வரைவில் இருந்த விலைக்கே ஆர்டரும் போனது, நிலக்கரியும் வந்தது. பிற்பாடு தகராறு வந்தபோது ஒப்பந்தமே இல்லை என்று பிராக்டன் தரப்பு சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. இருவரும் நடந்துகொண்ட விதமே ஏற்பு என்று தீர்ப்பானது.

2010இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பார்த்த ஆர்டிஎஸ் – முல்லர் வழக்கு இன்னும் சுவாரஸ்யம். இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பரிமாறிக்கொள்ளும்வரை இது செல்லாது என்று இந்த இரு கம்பெனிகளின் ஒப்பந்த வரைவே சொன்னது! இருந்தும் இயந்திர வேலை நடந்தது, பணம் கொடுக்கப்பட்டது. கீழே இரண்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, உச்ச நீதிமன்றமோ அந்த நிபந்தனையை இருவரும் தங்கள் நடத்தையாலேயே கைவிட்டுவிட்டார்கள், ஒப்பந்தம் உண்டு என்றது.

கட்டைவிரல் எமோஜி கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கனடாவின் சஸ்காட்செவானில் ஆளிவிதை கொள்முதல் ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதிசெய்யுங்கள் என்று ஒரு விவசாயிக்கு அனுப்பினார்கள், அவர் 👍 போட்டார், சரக்கு போகவில்லை. அது கையெழுத்துக்குச் சமம் என்று 2023இல் தீர்ப்பு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு. முன்பெல்லாம் அவர் 'ஓகே' என்று பதில் போட்டே சரக்கு அனுப்பிவந்தவர், அந்தப் பழக்கம்தான் அவருக்கு எதிராக நின்றது.

விதிவிலக்கு உண்டு. நிலம் விற்பது, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் நிற்பது போன்றவற்றுக்குப் பல நாடுகளில் எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். 1677இன் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது. அதேபோல விலை மாதிரி முக்கியமான விஷயமே முடிவாகாமல் இருந்தால், ஒப்பந்தம் இல்லை, செய்த வேலைக்கு நியாயமான கூலி மட்டும் என்று நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளலாம்.

பேச்சு முடியும்வரை மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றால், ஒவ்வொரு மெயிலிலும் வரைவிலும் 'முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை யாரையும் கட்டுப்படுத்தாது' என்று எழுதுங்கள், முக்கியமாக, வேலையைத் தொடங்காதீர்கள். அவசரம், தொடங்கியே ஆக வேண்டும் என்றால் எந்த வேலை, எவ்வளவு தொகைவரை என்று ஒரு சின்னக் கடிதம் தனியாகப் போடுங்கள். ஒப்பந்தம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்களானால், போனில் பேசியதை அன்றைக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள், போன் மாற்றும்போது பழைய சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பதே அதில்தான்.