பொன் எந்தப் பக்கம் போனது?

போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலூர் வெயிலில் மின்விசிறியும் அனலைத்தான் அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஓர் ஆய்விதழ் மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அன்றுதான் திறந்தேன். எழுதியவர் பெயர் இல்லை, இருபத்திரண்டு பக்கம். விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு, 1425லேயே வரதட்சணையைத் தடை செய்துவிட்டது என்பது அதன் வாதம். (கட்டுரை பிறகு அச்சாகிவிட்டது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கல்வெட்டு ரொம்பப் பெயர் பெற்றது. ஆம்பூர் போகும் வழியில் பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் (குஜராத் பக்கத்தவர்) என எல்லோரும் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. மேடைப் பேச்சுகளில் 'வரதட்சணை ஒழிப்புக் கல்வெட்டு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கட்டுரையும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. மொழி சுத்தம், அடிக்குறிப்புகள் ஒழுங்கு. ஒன்று மட்டும் இடித்தது. கல்வெட்டுக்கான அடிக்குறிப்பு கல்வெட்டுக்குப் போகாமல், சமீபத்தில் வந்த வேறொரு நூலுக்குப் போயிற்று.

மறுநாள் நூலகத்தில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியை (1890) எடுத்துப் பார்த்தேன். மூலம் சொல்வது இதுதான்: இனி இந்த ராஜ்யத்தில் திருமணங்கள் கன்னிகாதானமாகவே (விலை வாங்காமல் பெண்ணைத் தானமாகத் தருவதாகவே) நடக்க வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்து மணம் முடிப்பவரும் அரச தண்டனைக்கு உரியவர்கள், பிராமணர் கூட்டத்துக்கும் புறம்பானவர்கள்.

இன்னொரு முறை படியுங்கள். பொன் வாங்குவது யார்? பெண்ணைக் கொடுப்பவர். கொடுப்பது மாப்பிள்ளை வீடு. தடுக்கப்பட்டது வரதட்சணை அல்ல, பெண்ணுக்கு விலையாகப் பெறும் பணம். சாத்திரங்கள் அசுர மணம் என்று தாழ்வாகச் சொன்னது இந்த வழக்கத்தைத்தான். பொன் போன திசையே வேறு. இருபத்திரண்டு பக்கமும் தலைகீழாக நின்றது.

ஆய்விதழுக்கு மதிப்பீடு செய்வது என்றால் இதுதான் வேலை. நிறையப் பேர் நினைப்பதுபோல எழுத்துப்பிழை பார்ப்பதல்ல. நல்லது, கெட்டது என்று மதிப்பெண் போடுவதும் அல்ல. எழுதியவர் எந்த மூலத்தைக் கை காட்டுகிறாரோ, அந்த மூலத்தைத் தேடி எடுத்துத் திறந்து பார்ப்பது. எல்லா அடிக்குறிப்பையும் பார்க்க முடியாது. வாதம் எதன்மேல் நிற்கிறதோ அந்த நாலைந்தைப் பார்த்தாக வேண்டும். எனக்கு ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சம்பளம் கிடையாது. பெரும்பாலான இதழ்களில் மதிப்பீட்டாளர் பெயர்கூட வெளியே வராது.

அதனால்தான், 'மூன்று நாளில் ஏற்பு, ஏழு நாளில் வெளியீடு' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும்போது எரிச்சல் வருகிறது. மூன்று நாளில் யார் நூலகத்துக்குப் போனார்கள்? குடியாத்தத்திலிருந்து ஒரு ஆய்வு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்பவர். மூவாயிரம் ரூபாய் கட்டி ஓர் இதழில் கட்டுரை போட்டிருந்தாள். "மேடம், ஒரு திருத்தம்கூடச் சொல்லல, அவ்வளவு நல்லா இருக்குன்னு போட்டுட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. முதல் பக்கத்திலேயே வேலூர்ப் புரட்சி 1857 என்று அச்சாகியிருந்தது. 1806 ஜூலை 10 என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். அவளும் அறியாதவள் அல்ல. தட்டச்சில் வந்த பிழை. அங்கே ஒரு ஆள் ஒரே ஒரு முறை படித்திருந்தாலும் நின்றிருக்காது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. 2013இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், அடிப்படைத் தவறுகளை வேண்டுமென்றே வைத்து ஒரு போலி அறிவியல் கட்டுரையைத் தயாரித்து, திறந்த அணுக்க இதழ்கள் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) 304க்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், தரச் சான்று அல்ல. 'யூஜிசி கேர் அங்கீகாரம் பெற்றது' என்பதும் இப்போது பொருளற்ற வரி. தரமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) வைத்திருந்த கேர் பட்டியலை அதுவே 2025இல் கைவிட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் 2022 விதிமுறைகளில் யூஜிசி தரப்பில் நீங்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டியல் போய்விட்டதால் இதழை நாமேதான் எடை போட வேண்டும். நான் மாணவர்களுக்குச் சொல்வது எளிய வழி: அந்த இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படி. ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டு, 'நீங்கள் இதில் இருக்கிறீர்களா' என்று கேள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

சரி, மதிப்பீட்டாளர் பக்கத்துத் தவறுகளையும் சொல்ல வேண்டும். 'கட்டுரை சிறப்பாக உள்ளது, வெளியிடலாம்' என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறவர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். என் நூலை ஏன் மேற்கோள் காட்டவில்லை என்று கோபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயரை மறைத்து அனுப்பினாலும், சின்னத் துறையில் இரண்டு பக்கம் படித்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். என் மாணவர் என்றோ, என்னோடு மனக்கசப்பு உள்ளவர் என்றோ தெரிந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். அப்புறம், வெளிவராத கட்டுரையை ஏஐ கருவியில் போட்டுச் சுருக்கம் கேட்பது, நம்பிக் கொடுத்த கடிதத்தைத் தெருவில் படிப்பதற்குச் சமம். எழுதுகிறவர்களும் அந்தக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்கிறார்கள்; உலகத்தில் இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் வரை கிடைத்துவிடுகிறது. இப்போதெல்லாம் நான் நூற்பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன்.

நூல் மதிப்புரையில் சிக்கல் வேறு மாதிரி. நம்மிடம் அணிந்துரைக்கும் மதிப்புரைக்கும் இடையே வேலி இல்லை. வெளியீட்டு விழாவில் பொன்னாடை வாங்கியவரே அடுத்த மாதம் ஆய்விதழில் மதிப்புரை எழுதுகிறார். வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் மக்கள்தொகை வளர்ச்சியைப் பற்றிய ஒரு நூலைப் பாராட்டி அப்படி வந்த மதிப்புரையை நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு நூலையே வாங்கிப் பார்த்தால், 1901இன் வட ஆற்காட்டையும் 2011இன் வேலூர் மாவட்டத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து வளர்ச்சி விகிதம் கணக்கிட்டிருந்தார்கள். 1901இல் இந்த மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்! 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் போயிற்று. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. நடுவே நிலமே மாறிப்போயிருக்க, தலையை எண்ணி என்ன பயன்? 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்திருக்கின்றன; அடுத்த நூல் எழுதப் போகிறவருக்குத் தலைவலி இன்னும் கூடும். இதைச் சொல்வதுதான் மதிப்புரை. அட்டைப்படம் அழகு என்று எழுத நான் எதற்கு?

விரிஞ்சிபுரம் கட்டுரைக்கு வருகிறேன். 'பெரிய திருத்தம் தேவை' என்று எழுதினேன், நிராகரிக்கவில்லை. இந்தச் சொல்லைக் கேட்டதும் பல இளம் ஆய்வாளர்கள் கட்டுரையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது 'வேண்டாம்' என்பதல்ல. 'திருத்திக்கொண்டு வா, இன்னொரு முறை படிக்கிறேன்' என்பது. ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே என்ன செய்தேன், செய்யாவிட்டால் ஏன் என்று எழுதி அனுப்பினால் போதும்.

இவர் அப்படியே செய்தார். நான்கு மாதம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தபோது தலைப்பே மாறியிருந்தது: பெண்ணுக்கு விலை பேசிய காலத்திலிருந்து மாப்பிள்ளைக்கு விலை பேசும் காலத்துக்கு எப்படி வந்தோம் என்ற கேள்வி. முதலில் எழுதியதைவிட நூறு மடங்கு நல்ல கேள்வி. என் பதினான்கு குறிப்புகளில் பதின்மூன்றை ஏற்றிருந்தார். பதினான்காவது, வட ஆற்காடு மேனுவல் என்ற ஆங்கிலேயர் கால மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்த ஒரு மேற்கோளின் பக்க எண் தவறு என்று நான் எழுதியது. அதற்கு எதிரே பணிவாக ஒரு வரி இருந்தது: 'மதிப்பீட்டாளர் பார்த்தது ஸ்டூவர்ட் திருத்திய பிந்தைய பதிப்பாக இருக்கலாம், நான் பயன்படுத்தியது காக்ஸின் 1881 பதிப்பு.' அலமாரியைத் திறந்து பார்த்தேன். என் கையில் இருந்தது ஸ்டூவர்ட்தான்.