ட்ரிகர் என்றால் தூண்டி

தரவுத்தளங்களைப் பற்றிப் பேசுகையில் "அந்த டேபிளில் ஒரு ட்ரிகர் இருக்கிறது" என்று சொல்லும்போது பல சமயம் இரண்டு பொருள்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இந்த அட்டவணையில் இன்னது நடந்தால் இன்னதைக் கூப்பிடு என்ற ஏற்பாடு ஒன்று. அப்படிக் கூப்பிட்டதும் ஓடுகிற நிரல் இன்னொன்று. தமிழ்ச் சொல் தேடும்போது இவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ட்ரிகர் என்ற சொல் டச்சு மொழியின் 'ட்ரெக்கர்' என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'ட்ரெக்கன்' என்றால் இழு. ட்ரெக்கர் என்றால் இழுக்கப்படும் உறுப்பு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முதலில் 'ட்ரிக்கர்' என்று வழங்கி, பிறகு ட்ரிகர் ஆனது. மலை ஏறப்போகிறவர்கள் சொல்லும் ட்ரெக்கிங்கும் இதே வேரில் முளைத்ததுதான். துப்பாக்கியில் விரல் இழுப்பது சின்ன அசைவு. அதனால் நடப்பது பெரிது. அந்தப் பொருளில்தான் இது தரவுத்தளத்துக்குள் வந்தது. வணிகத் தரவுத்தளங்கள் பலவற்றில் முதலில் புழக்கத்துக்கு வந்து, தரவுத்தளங்களோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் தரத்தில் 1999இல்தான் இடம்பெற்றது. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இதை எழுதும் தொடரமைப்பு கொஞ்சம் கொஞ்சம் மாறியிருப்பதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

தமிழில் என்ன சொல்வது? துப்பாக்கியை நினைத்தால் 'விசை' நினைவுக்கு வரும். ஆனால் இயற்பியலில் அது வேறு பொருளுக்குப் போய்விட்டது. கணினியிலோ விசைப்பலகையின் விசை இருக்கிறது. 'தூண்டல்' என்பதையும் பார்க்கிறோம். அது செயலைக் குறிக்கிறது, பெயர் வைத்து உருவாக்கி அழிக்கக்கூடிய ஒரு பொருளைக் குறிக்கவில்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'தூண்டி'. மின்னியலில் மின்தூண்டி உண்டு என்றாலும், அங்கே 'மின்' ஒட்டியே வருவதால் குழப்பம் இல்லை. விளக்குத் திரியை மேலே தள்ளுகிற குச்சியைத் தூண்டுகோல் என்கிறோம். எரிவது திரிதான், கோல் அதை எரிய வைக்கிறது. தரவுத்தளத் தூண்டியும் தானாக வேலை செய்வதில்லை, வேலை செய்யும் நிரலைத் தூண்டிவிடுகிறது.

அந்த நிரலுக்குப் பெயர் 'தூண்டிச் செயற்கூறு'. ஃபங்ஷனுக்குச் செயற்கூறு என்ற சொல் கணினிப் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்குகிறது. கணிதத்தின் 'சார்பு' இங்கே ஒட்டாது.

மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூலைட் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் நிரலைத் தூண்டிக்குள்ளேயே எழுதிவிடலாம் என்பதால் இந்தப் பிரிவினை கண்ணில் படாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் பளிச்சென்று தெரியும். அங்கே முதலில் செயற்கூற்றை எழுத வேண்டும். அளபுரு, அதாவது உள்ளீடாகப் பெறும் மதிப்பு, எதுவும் அறிவிக்கக் கூடாது; திருப்பும் வகை 'ட்ரிகர்' என்று இருக்க வேண்டும். அப்புறம்தான் தூண்டியை உருவாக்கி, எந்த அட்டவணை, எந்த நிகழ்வு, அதற்கு முன்னா பின்னா என்று சொல்லி, அந்தச் செயற்கூற்றோடு பிணைக்க வேண்டும். மாற்றிய நேரத்தைப் பதியும் ஒரே செயற்கூற்றை, அந்த நேரத்துக்கான புலம் (நெடுவரிசை) ஒரே பெயரில் உள்ள இருபது அட்டவணைகளில் இருபது தூண்டிகள் கூப்பிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது? கணக்கு அட்டவணையில் ஒரு வரிசையின் இருப்பு 500இலிருந்து 350 ஆக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசைதோறும் ஓடும் தூண்டி என்றால், செயற்கூற்றுக்கு 'ஓல்டு', 'நியூ' என்று இரண்டு பதிவுகள் கிடைக்கும். முன்னதில் இருப்பு 500, பின்னதில் 350. இரண்டையும் ஒப்பிட்டு, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தணிக்கை அட்டவணையில் ஒரு வரி எழுதலாம். மாற்றம் செயலியிலிருந்து வந்ததா, யாரோ நேரடியாகக் கட்டளை தட்டினார்களா என்ற வேறுபாடே கிடையாது. தூண்டியின் உண்மையான பலம் இதுதான்.

நிகழ்வுக்கு முன்னால் ஓடுவதை 'முன்தூண்டி' என்றும் பின்னால் ஓடுவதைப் 'பின்தூண்டி' என்றும் சொல்லலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில், வரிசைதோறும் ஓடும் முன்தூண்டியில் செயற்கூறு எதைத் திருப்புகிறதோ அதுதான் அட்டவணைக்குப் போகும். 'நியூ'வில் ஒரு புலத்தைத் திருத்தித் திருப்பினால் திருத்தியதே பதிவாகும். வெற்று மதிப்பான 'நல்'லைத் திருப்பினால் அந்த வரிசைக்கான செயல் சத்தமில்லாமல் கைவிடப்படும், பிழைச்செய்தி வராது. இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் நீக்கல். நீக்கும்போது புதிய வரிசை என்று ஒன்று கிடையாதே, எனவே 'நியூ' வெறுமையாக இருக்கும். பழக்கத்தில் 'நியூ'வைத் திருப்பினால் டெலீட் கட்டளை 'பூஜ்யம் வரிசை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும், வரிசை அப்படியே இருக்கும். அங்கே 'ஓல்டு'வைத் திருப்ப வேண்டும். பின்தூண்டியில் எதைத் திருப்பினாலும் பொருட்படுத்தப்படாது.

ஒரே நிகழ்வுக்குப் பல தூண்டிகள் இருந்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் அவற்றைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டும். அதனால் பெயர் சூட்டுவதிலேயே வரிசைமுறை அடங்கிவிடுகிறது.

தூண்டிச் செயற்கூறு, அதைத் தூண்டிய கட்டளையின் பரிவர்த்தனைக்குள்ளேயே (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) ஓடுகிறது. பரிவர்த்தனை பின்வாங்கினால் தணிக்கை வரியும் சேர்ந்தே மறையும். செயற்கூற்றில் பிழை எழுந்தால் மூலக் கட்டளையும் தோற்கும். விதிமீறலைத் தடுக்க இது நல்ல வழி. மின்னஞ்சல் அனுப்புவதை மட்டும் இதற்குள் வைக்கவே கூடாது. பரிவர்த்தனை பின்வாங்கினாலும் போன மின்னஞ்சல் திரும்பி வராது. அனுப்ப வேண்டியதை ஒரு அட்டவணையில் எழுதிவைத்துவிட்டு, அனுப்பும் வேலையை வெளியே ஒரு நிரலிடம் விடுவதே சரி.