முயலகனும் முகப்புக் கதவுச் சாவியும்

போன மாதம் வலிப்போடு அழைத்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் உள்ளங்கை கன்றிப்போய், சாவியின் பல் அப்படியே பதிந்திருந்தது. செட்டிநாட்டு வீட்டு முகப்புக் கதவின் சாவி. சாண் நீளம், நல்ல கனம். "கையில கொடுத்ததும் நின்னுருச்சு டாக்டர்" என்றார் அப்பத்தா.

நின்றது உண்மைதான். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பெரிய வீட்டில் சாவியைத் தேடி எடுக்கவே அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். பேர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது.

அய்யனாருக்கு மண்ணில் பிள்ளை உரு செய்து வைப்பதாகவும் நேர்ந்திருந்தார். தாராளமாகச் செய்யுங்கள், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது என்றேன். நேர்த்திக்கடனோடு எனக்குச் சண்டை இல்லை.

நடராசர் காலடியில் பாம்பைப் பிடித்தபடி தலையைத் தூக்கிக் கிடக்கிறானே ஒரு குள்ளன், அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் அபஸ்மாரம் என்பது வலிப்பு நோய். தமிழ் அகராதியிலும் முயலகன் என்றால் ஒருவகை வலிப்பு என்றே இருக்கும். தத்துவம் பேசுகிறவர்கள் அவனை அறியாமை என்பார்கள்; எனக்கு அவன் தினமும் வார்டில் பார்க்கிற ஆள்.

திருச்சி பக்கத்தில் திருவாசிக்குப் போனால் அங்கே நடராசர் காலடியில் முயலகன் இல்லை, பாம்பின் மேல் ஆடுகிறார். கொல்லிமழவன் மகளுக்கு வந்த முயலகன் நோயைச் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்த தலம் அது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. நாட்டை ஆண்ட அப்பன், நோயுற்ற மகளை ஊரறியக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். மறைக்கவில்லை.

இங்கே கல்யாணப் பேச்சு எடுத்ததும் மாத்திரை பீரோவுக்குள் போய்விடுகிறது. புகுந்த வீட்டில் ஒளித்து விழுங்க முடியாமல் நாலு வேளை விட்டு, அடுப்படியில் விழுந்து தீக்காயத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பும் ஒரு தடையாக இருந்தது. 1999-ல் திருத்தி எடுத்துவிட்டார்கள். ஜாதகம் பார்க்கிற பெரியவர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. கல்யாணம் நிச்சயமானால் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்றலாமா என்று பார்க்க வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

சரி, வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்க முடியும்.

அப்பத்தா இந்த வாரம் மறுபடி வந்தார். வேளாரிடம் பிள்ளை உருவுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்தார். எண்ணிப் பார்த்தேன், ஒரு வேளைகூட விடவில்லை.